மே ஹோங் சோன் மலைப்பாதைக்கு 250–300 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக்கை வாடகைக்கு எடுப்பது சரியா?

தென்காசி_சாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் சனவரியில் தாய்லாந்தின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகருக்குச் செல்கிறேன். அங்கிருந்து மே சரியாங், மே ஹோங் சோன், பாய் ஆகிய ஊர்களைச் சுற்றிக்கொண்டு மீண்டும் சியாங் மாய்க்கே வந்து சேரும், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையை அவசரமில்லாமல் ஓட்டிப் பார்க்க விரும்புகிறேன். அந்தப் பாதையில் 1,864 வளைவுகள் இருப்பதாக மே ஹோங் சோன் ஊர்க்காரர்களே விளம்பரம் செய்கிறார்கள். ஊரில் 150 சி.சி. வண்டி வைத்திருக்கிறேன், ஆரியங்காவுக் கணவாயும் கொடைக்கானல் மலைச்சாலையும் பழகிய பாதைகள்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டப்போவது இதுவே முதல் முறை. ஹோண்டா சி.பி.ஆர். 300 ஆர் அல்லது யமஹா ஆர் 3 எடுக்கலாம் என்று மனம் சொல்கிறது. இந்திய உரிமம் அங்கே செல்லுமா, விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா, அந்தப் பாதைக்கு இந்த வகை வண்டிதான் பொருத்தமா என்ற மூன்று ஐயங்கள் உள்ளன. அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

ஈப்போவான்

வணக்கம் தம்பி. நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். தாய்லாந்திலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் உங்களுக்குப் பாதிப் பயம் இப்போதே தீர்ந்துவிடும். எதிரே வருபவர் முகப்பு விளக்கை அடித்துக் காட்டினால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். அதிலும் நம் ஊர் வழக்கமேதான்.

உரிமத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆசியான் நாடுகள் ஒன்று மற்றொன்றின் ஓட்டுநர் உரிமத்தை ஏற்றுக்கொள்ள 1985-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டதால், மலேசிய, சிங்கப்பூர் உரிமங்களைக் காட்டியே நாங்கள் அங்கே ஓட்ட முடிகிறது. இந்திய உரிமத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் ஊரிலிருந்து புறப்படும் முன்பே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துவர வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் பி 2 வகை உரிமம் 250 சி.சி. வரைதான் செல்லும். சி.பி.ஆர். 250 ஆர் வண்டியின் கொள்ளளவு 249 சி.சி.; சி.பி.ஆர். 300 ஆர் 286 சி.சி.; ஆர் 3 வண்டி 321 சி.சி. பி 2 மட்டும் வைத்திருக்கும் ஒருவர் சியாங் மாயில் 300 ஆர் எடுத்தால், கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். சாலையோரச் சோதனையில் நிற்கும் காவலரும் உரிம அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவைக்கக்கூடும். விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு காப்பீட்டு நிறுவனம் மட்டும் அந்த எண்ணை நிறுத்தி நிதானமாகப் படிக்கும். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் உரிமத்தை எடுத்துப் படியுங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

பாலிசி_வாசகன்

ஈப்போவான் ஐயா சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த இழையில் மற்ற எதையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தில் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கு ஒரே வகைதான் இருக்கிறது, 100 சி.சி.க்கும் 300 சி.சி.க்கும் அதில் வேறுபாடு இல்லை. எனவே எங்கள் நண்பருக்கு மலேசியர்களின் சிக்கல் கிடையாது. ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அச்சிடப்படுவது, ஓராண்டுக்குச் செல்லும், அதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். அதில் 'ஏ' என்பது இருசக்கர வண்டியையும் 'பி' என்பது காரையும் குறிக்கும். காருக்கான உரிமமும் வைத்திருப்பவர்களுக்குச் சில வேளைகளில் 'பி' கட்டத்தில் மட்டும் முத்திரை விழுந்துவிடுகிறது. அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே 'ஏ' கட்டத்தில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சியாங் மாயில் நின்றுகொண்டு அதைத் திருத்த வழியில்லை. பன்னாட்டு அனுமதி தனித்து நிற்கும் ஆவணம் அன்று என்பதால் இந்திய உரிமத்தின் அசல் அட்டையையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

இனிக் காப்பீடு. தாய்லாந்தில் பதிவான ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு. அங்கே அதைப் 'போ ரோ போ' என்கிறார்கள். அது மனிதர்களுக்கு நேரும் காயத்துக்கு மட்டும் உரியது. வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அதில் ஒரு பாட்கூட (தாய்லாந்து நாணயம்) கிடைக்காது. யார் மீது தவறு என்று பாராமல் முதற்கட்ட மருத்துவச் செலவாக 30,000 பாட் வரையும், தவறு உங்களுடையது இல்லை என்று உறுதியானால் 80,000 பாட் வரையும் தருவார்கள். வளைவில் நீங்களே சறுக்கி விழுந்தால் முதல் தொகையோடு கதை முடிந்துவிடும். தொடை எலும்பு முறிந்து தனியார் மருத்துவமனையில் தகடு பொருத்த வேண்டியிருந்தால் அந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது.

ஆகவே பயணக் காப்பீடுதான் உங்கள் உண்மையான பாதுகாப்பு. அதை வாங்கும்போது விளம்பரத் தாளைப் பார்க்காதீர்கள். பாலிசியின் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். இருசக்கர வண்டி ஓட்டுவதை முழுவதுமாக விலக்கும் பாலிசிகள் உள்ளன, 125 சி.சி. வரை மட்டும் ஏற்பவை உள்ளன. பின்னால் அமர்ந்து செல்பவரை மட்டும் ஏற்பவையும் உள்ளன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அந்த நாட்டில் அந்த வண்டியை ஓட்டச் சட்டப்படி தகுதியுள்ள உரிமம் இல்லையென்றால், தலைக்கவசம் அணியவில்லையென்றால், மது அருந்தியிருந்தால், இழப்பீடு இல்லை. வண்டியின் கொள்ளளவை எழுதி, இதற்கு இழப்பீடு உண்டா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 'கவரேஜ் உண்டு சார்' என்று சொன்ன முகவர் பிறகு உங்கள் நினைவில் மட்டும்தான் இருப்பார்.

வாடகைக் கடைகளில் நாள் கணக்கில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு 'இன்சூரன்ஸ்' என்று ஒன்றைத் தருவார்கள். பெரும்பாலும் அது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி அன்று. சேதம் நேர்ந்தால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் தரும் வாக்குறுதி. நேர்மையான கடையாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் உடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஸ்கூட்டரே_போதும்

இவ்வளவு தொல்லை எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. நாளொன்றுக்கு 200 அல்லது 300 பாட் கொடுத்தால் 125 சி.சி. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் கிடைக்கிறது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு 700 முதல் 1,200 பாட் வரை கேட்கிறார்கள். முன்பணமும் பல மடங்கு. பாய் செல்லும் 1095-ஆம் எண் சாலையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டி ஓட்ட இடமே இல்லை. ஸ்கூட்டரில் இருக்கைக்கு அடியில் பை வைக்கலாம், கால் வைக்கும் இடத்தில் இன்னொரு பை வைக்கலாம், முதுகும் வலிக்காது. உங்கள் பயணக் காப்பீடு 125 சி.சி. வரைதான் என்றால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. அந்தப் பாதையில் செல்லும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். ஸ்போர்ட்ஸ் வண்டி என்பது புகைப்படத்துக்காக எடுப்பது.

சங்கிலி_எண்ணெய்

கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. மற்றவற்றில் உண்மை இருக்கிறது.

தொழிலால் நான் மெக்கானிக். ஆகவே இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஏற்றத்தில் எந்த வண்டியும் மெதுவாகவாவது ஏறிவிடும். இறக்கத்தில்தான் வண்டிகள் வேறுபடுகின்றன. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் இருப்பது சுழற்சி வேகத்தைக் கொண்டு தானாகப் பிடித்து விடும் கிளட்ச். இறக்கத்தில் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மூடினால், ஒரு கட்டத்துக்குக் கீழே அந்தக் கிளட்ச் விட்டுவிடும். அப்போது எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். தொய் இந்தனோன் மலையின் உச்சி 2,565 மீட்டர். தாய்லாந்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. தார்ச்சாலை கிட்டத்தட்ட உச்சி வரை செல்கிறது. அங்கிருந்து ஸ்கூட்டரில் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்குபவர்களுக்கு, பிரேக் சூடேறி லீவர் மென்மையாகி, பிடி குறைந்துபோவது நடக்கக்கூடிய ஒன்று. கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கலாம். முன்னும் பின்னும் டிஸ்க் இருக்கிறது. 17 அங்குலச் சக்கரம் குழியில் தடுமாறாது. இதற்காகத்தான் 250 சி.சி. வண்டி வேண்டும் என்கிறேன். வேகத்துக்காக அன்று.

அதே காரணத்தால், ஆர் 3-ஐவிடச் சி.பி.ஆர். நல்லது என்பேன். ஆர் 3, நிஞ்ஜா 300 இரண்டும் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள். அவற்றின் முழு ஆற்றல் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றை நெருங்கும்போதுதான் வெளிப்படும். சி.பி.ஆர். 250, 300 இரண்டும் ஒற்றைச் சிலிண்டர். 8,500 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மிகக் கீழேயே இழுவை கிடைக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து மூன்றாவது கியரில் வெளியே வரும்போது அந்த வேறுபாடு உங்களுக்கே தெரியும். நெடுஞ்சாலையில் இரட்டைச் சிலிண்டர் சுகம். 1095-இல் அதற்கு வேலையே இல்லை. சி.பி.ஆர். 250 ஆர் 2011 முதல் இந்தியாவிலும் சில ஆண்டுகள் விற்கப்பட்டதால், ஊரில் யாரிடமாவது வாங்கி ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டே நீங்கள் புறப்படலாம்.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது பளபளப்பைப் பார்க்காமல் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுப் பழைய டயர் இறுகிப் போயிருக்கும்; பனி ஈரத்தில் அது வழுக்கும். பிறகு சங்கிலியைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் தொட்டுப் பாருங்கள்; ஓரிடத்தில் தளர்வாகவும் மற்றோரிடத்தில் இறுக்கமாகவும் இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டிலில் 'டக்' என்று தட்டினால் பேரிங் போய்விட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தேக்கா_பயணி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், 2 ஏ உரிமம் வைத்திருக்கும் பெண். எங்கள் ஊரில் 2 பி உரிமம் 200 சி.சி. வரையும், 2 ஏ உரிமம் 400 சி.சி. வரையும் செல்லும். 2 பி மட்டும் உள்ள தோழிகள் சி.பி.ஆர். 150 அல்லது யமஹா ஆர் 15-ஐத் தாண்ட வேண்டாம் என்பதை ஈப்போவான் ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன்: மணிக்கட்டு. ஸ்போர்ட்ஸ் என்று பெயர் வைத்த வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி உட்கார வைப்பதில்லை. ஆர் 15 வண்டியின் ஹேண்டில் தாழ்ந்தும் இருக்கை 815 மில்லிமீட்டர் உயர்ந்தும் இருப்பதால், இறக்கத்தில் உடலின் எடை முழுவதும் உள்ளங்கையில் வந்து இறங்குகிறது. ஊரில் அரைமணி நேரம் அலுவலகம் போகையில் இது தெரியாது. நாள் முழுவதும் இறங்கி ஏறினால் மாலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே கை நடுங்கும். சி.பி.ஆர். 250, 300 இரண்டிலும் ஹேண்டில் சற்று உயரமாகவும் இருக்கை ஏறத்தாழ 780 மில்லிமீட்டராகவும் இருப்பதால் என்னைப் போல் உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு காலும் தரையில் படும். இறக்கத்தில் முழங்கால்களால் டாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் கையின் சுமை குறையும். சரிவான, சரளை கொட்டிய உணவக வாசல்களில் வண்டியை நிறுத்தும்போதுதான் காலின் நீளம் தேவைப்படுகிறது. நின்றபடியே வண்டியைச் சாய்த்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஸ்கூட்டர் சாய்ந்தால் ஒரு கீறல். ஸ்போர்ட்ஸ் வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உறை, கண்ணாடி, இண்டிகேட்டர், லீவர் என்று நான்கு பொருள்களுக்குக் கடைக்காரர் கணக்குப் போடுவார். ஆகவே வண்டியை எடுக்கும்போது கடைக்காரர் உடன் நிற்க, வண்டியைச் சுற்றி வந்து, உறையின் அடிப்பகுதி, சைலன்சர், லீவர் நுனி, சக்கர விளிம்பு எல்லாவற்றையும் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி சேதமானால் எவ்வளவு என்ற விலைப்பட்டியலையும் முதலிலேயே கேளுங்கள். பட்டியலை எழுத்தில் தரும் கடையில் மட்டும் எடுப்பது என் வழக்கம்.

தலைக்கவசத்தை ஊரிலிருந்தே கொண்டு செல்லுங்கள். கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் தாடை மூடாத, ஊரில் எல்லாத் தலைகளிலும் ஏறி இறங்கிய ஒன்று.

தென்காசி_சாலை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆர் 3 ஆசையைச் சங்கிலி_எண்ணெய் அண்ணன் கலைத்துவிட்டார். தேக்கா_பயணி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு சி.பி.ஆர். என்றே முடிவு செய்துவிட்டேன். பயணக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

இப்போது இரண்டு கேள்விகள். நான் தொடர்புகொண்ட கடை ஒன்று, முன்பணம் தேவையில்லை, அதற்குப் பதிலாகக் கடவுச்சீட்டின் அசலைக் கொடுத்தால் போதும் என்கிறது. இது வழக்கந்தானா? அடுத்து, பாய் வழியாகத் தொடங்குவதா, மே சரியாங் வழியாகத் தொடங்குவதா?

பாலிசி_வாசகன்

வழக்கம்தான், ஆனால் ஏற்காதீர்கள். கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அடகு வைக்க நமக்கு உரிமையில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில் பாருங்கள்: மே ஹோங் சோனில் விடுதியில் பதிவு செய்யவும், மருத்துவமனையில் சேரவும், சோதனைச் சாவடியில் காட்டவும் அது உங்களிடம் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், சேதத்தின் மதிப்பைப் பற்றி உங்களுக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், ஊருக்குத் திரும்பும் விமானம் மறுநாள் காலை என்ற நிலையில், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதே விலையாகிவிடும். பணமாக முன்பணம் கொடுத்தால் நீங்கள் இழக்கக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பணத்தோடு கடவுச்சீட்டின் நகலை வாங்கிக்கொள்ளும் கடைகள் சியாங் மாயில் தாராளமாக இருக்கின்றன. தகராறு முற்றினால் சுற்றுலாக் காவல்துறையின் 1155 எண்ணை அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். விபத்து என்றால் அவசர மருத்துவ உதவிக்கு 1669.

ஈப்போவான்

திசையைப் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் முதல் நாளே பாய்க்குப் போகிறார்கள். சியாங் மாயிலிருந்து பாய் வரை மட்டும் 762 வளைவுகள் என்று சட்டைகளில் அச்சிட்டு விற்கிறார்களே, அந்தச் சாலைதான் அது. பழகாத வண்டியில், பழகாத நாட்டில், முதல் நாளில் அந்த வளைவுகளையும் அவற்றில் பறக்கும் சுற்றுலா வேன்களையும் ஒன்றாகச் சந்திப்பது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை.

தெற்கே 108-ஆம் எண் சாலையில் தொடங்குங்கள். சோம் தோங், ஹோட் வரை சமவெளி. அதற்குள் கிளட்ச்சும் பிரேக்கும் கைக்குப் பழகிவிடும். ஹோட்டிலிருந்து மே சரியாங் வரை அகலமான, நீண்டு வளையும் மலைச்சாலை. மே சரியாங்கிலிருந்து குன் யுவாம் வழியாக மே ஹோங் சோன் வரை 160 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், போக்குவரத்து குறைவு. நெருக்கமான வளைவுகள் நிறைந்த 1095-க்கு நீங்கள் வந்து சேரும்போது வண்டியும் நீங்களும் ஒத்துப்போயிருப்பீர்கள்.

சோம் தோங்கில் வலப்பக்கம் பிரியும் 1009-ஆம் எண் சாலைதான் தொய் இந்தனோன் உச்சிக்குப் போகிறது. சனவரிக் காலையில் உச்சியில் வெப்பநிலை சுழியை நெருங்கும். புல்லில் உறைபனி பார்க்கவே தாய்லாந்து மக்கள் கூட்டமாக வருவார்கள். நல்ல கையுறையும் காற்றுப் புகாத மேற்சட்டையும் இல்லாமல் ஏறாதீர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே இடப்பக்கம் பிரிந்து மே சேம் ஊருக்கு இறங்கும் 1192-ஆம் எண் சாலை குறுகலும் செங்குத்துமானது. அழகானதுதான், ஆனால் முதல் நாளுக்கு வேண்டாம்.

பெட்ரோல் பற்றிக் கவலை வேண்டாம். சி.பி.ஆர். வண்டியின் டாங்க் 13 லிட்டர். நிதானமாக ஓட்டினால் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு பேரூரிலும் கேசோஹால் 95 (எத்தனால் கலந்த பெட்ரோல்) கிடைக்கிறது.

ஸ்கூட்டரே_போதும்

ஈப்போவான் ஐயாவின் திசை யோசனையை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதே பன்னாட்டு அனுமதியைக் கொண்டு வியட்நாமின் ஹா ஜாங் மலைப்பாதையிலும் ஓட்டலாம் அல்லவா? அடுத்த ஆண்டு அங்கே போகும் எண்ணம் இருக்கிறது.

பாலிசி_வாசகன்

கூடாது. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியான பன்னாட்டு அனுமதியை. நம் அலுவலகங்கள் தருவது 1949-ஆம் ஆண்டுக்குரியது. வாடகைக்கு வண்டி கிடைக்கும். ஆனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் உரிமமின்றி ஓட்டுபவர், ஆகவே பயணக் காப்பீடும் செல்லாது. தவிர அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஹா ஜாங்கில் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் அமர்ந்து செல்லும் ஏற்பாடு நன்றாக வளர்ந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி_எண்ணெய்

வளைவில் எங்கே ஓட்டுவது என்பதை யாரும் எழுதவில்லையே. கொடைக்கானலில் பேருந்து ஓட்டுநர்கள் ஒலிப்பான் அடித்துக்கொண்டே வளைவார்கள். நமக்கு எதிரே வண்டி வருவது முன்பே தெரிந்துவிடும். தாய்லாந்தில் அந்த வழக்கம் குறைவு. வேன் சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், நீங்கள் இடது பக்கம் வளையும்போது எதிரே வருபவர் அவருக்கு வலது பக்கம் வளைகிறார். அவர் வளைவைக் குறுக்கே வெட்டினால் நேராக உங்கள் பாதைக்குள்தான் வருவார். ஆகவே மறைவான இடது வளைவில் தொலைவு தெரிய வேண்டும் என்று நடுக்கோட்டருகே போகாதீர்கள். வலது வளைவில் ஆபத்து வேறு மாதிரி: சக்கரம் கோட்டுக்கு இப்பால் இருந்தாலும், வண்டி சாயும்போது உங்கள் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் இருக்கும். சக்கரத்தைப் பாதையின் இடது பாதியிலேயே வைத்துச் சாயுங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டி எடுத்தவர்கள் வலது வளைவில் கோட்டை உரசிச் சாய்வதில்தான் பெருமை காண்கிறார்கள். அதைச் செய்ய வேண்டிய இடம் பந்தயத் தளம்.

மே ஹோங் சோனை மூன்று பனிமூட்டங்களின் ஊர் என்பார்கள். சனவரியில் காலை ஒன்பது மணி வரைகூடப் பள்ளத்தாக்குகளில் மூட்டம் விலகாது; மரநிழல் விழும் வளைவுகளில் சாலை ஈரமாகவும் இலைகள் ஒட்டியும் இருக்கும். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்புங்கள். முகப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுவது அங்கே சட்டம். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்லது; பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிக்கும் புகையில் மலையே தெரியாது, மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை சேறாகும்.

தென்காசி_சாலை

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வந்துவிட்டது. உரிய உரிமமும் தலைக்கவசமும் இருந்தால் 250 சி.சி. வரை இழப்பீடு உண்டு, அதற்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே 300 ஆர் இல்லை, சி.பி.ஆர். 250 ஆர் தான். வண்டி சற்றுப் பழையதாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். டயரின் நான்கு இலக்க எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுமதியில் 'ஏ' முத்திரையும் வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மைத்துனர் ஒருவர் பேருந்தில் பாய்க்கு வந்து என்னோடு சேர்ந்துகொள்கிறார். அங்கிருந்து சியாங் மாய்க்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரலாமா?

தேக்கா_பயணி

ஏற்றலாம், ஆனால் உங்களுக்குச் சுகமாக இராது, அவருக்கு அதைவிட மோசம். அந்த வண்டியின் பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருக்கிறது. கால் வைக்கும் கம்பிகள் மேலே இருப்பதால் முழங்கால் மடிந்தே இருக்கும். பிடித்துக்கொள்ளச் சரியான இடமில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு முறை நீங்கள் பிரேக் பிடிக்கும்போதும் அவர் எடை உங்கள் முதுகில் சரியும், அது உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். மேலும், அவருடைய பயணக் காப்பீடு பின்னால் அமர்ந்து செல்வதை ஏற்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாயிலிருந்து சியாங் மாய்க்குப் பகல் முழுவதும் வேன் ஓடுகிறது. அவரை முன்னிருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பின்னிருக்கையில் பலருக்கு வயிறு புரட்டும். உங்கள் பையையும் அவரிடமே கொடுத்துவிட்டால், 1095-இல் நீங்கள் சுமையில்லாமல் வரலாம்.